எண்பத்திரண்டு கிலோ

திருத்தங்கல்,
12.6.2025

அன்பு மகள் செல்வலட்சுமிக்கு,

அப்பா எழுதுகிறேன். என் கையாலேயே எழுதுகிறேன். பயப்படாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். இந்த நாலு வரி எழுதுவதற்குள் உன் அம்மா உலை வைத்துச் சோறும் வடித்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் பெரியவர்கள் வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னபோது நீ சிரித்தாய். இப்போது பார். முப்பது வருடமாகப் பழைய பேப்பர் குடோனில் பிரஸ்காரர்கள் போடும் காலண்டர் துண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டும் எத்தனை கிலோ என்று தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இப்போது கட்டும்போதே படிக்கிறேன். சனிப்பெயர்ச்சி, அமாவாசை, வாஸ்து நாள். "கட்டச் சொன்னா படிச்சிக்கிட்டு நிக்கிறீகளே" என்று கூட வேலை பார்க்கும் மாரிக்கண்ணன் வைகிறான். வையட்டும்.

நான் உன்னைக் கேட்காமல் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் உனக்குக் கோபம் என்று மாப்பிள்ளை சொன்னார். கேட்டால் நீ விடமாட்டாய். உன் அம்மாவுக்குச் சர்க்கரை. மாப்பிள்ளைக்கு ரத்தம் சேரவில்லை. எனக்குச் சேர்கிறது. அறுபத்து நாலு வயதில் என்னிடம் ஒருத்திக்குத் தேவையான பொருள் இருக்கிறது. அதுவும் இரண்டு இருக்கிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு எழுதத் தெரியவில்லை.

டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு, "கிட்னி நல்லா இருக்குய்யா, உடம்புதான் அதிகமா இருக்கு" என்றார். தொண்ணூற்றொரு கிலோ. எண்பத்திரண்டுக்கு வந்தால்தான் கத்தி வைப்பார்களாம். சம்மதத் தாளில் ஒப்பம் கேட்டபோது நர்ஸ் மை டப்பாவை என் பக்கம் தள்ளினாள். நான் பேனா கேட்டேன்.

உன் அப்பா,
ஊர்க்காவலன்

•

விருதுநகர்,
17.6.2025

அப்பாவுக்கு,

உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறது. நீங்கள் செய்தது நன்றாக இல்லை.

மூன்று வருடமாக வாரத்தில் மூன்று நாள் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு இருக்கிறேன். பழகிவிட்டது. இடது கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு வலது கையால் இதை எழுதுகிறேன். பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் படுத்திருக்கும்போது போனில் சண்டை போட முடியாது.

உங்களை அறுத்து நான் பிழைக்க வேண்டாம். நாளைக்கு நீங்கள் கட்டுத் தூக்கும்போது தடுக்கி விழுந்தாலும் ஊர் என்னைத்தான் பேசும். "அப்பனையே தின்னுட்டாளே" என்பார்கள். எனக்கு இருக்கிற பேச்சு போதும்.

உடம்பைக் குறைப்பது நல்லதுதான். உங்களுக்காகக் குறையுங்கள். எனக்காக வேண்டாம்.

செல்வலட்சுமி

•

திருத்தங்கல்,
5.7.2025

அன்பு மகள் செல்விக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். கோபமாக இருந்தாலும் எழுத்து எழுத்தாகப் படிக்க நன்றாக இருந்தது.

இப்போது சேதி. டீயை விட்டேன். பரோட்டாவை விட்டேன். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவின் மணம் பஸ் ஸ்டாண்டில் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். நேற்று குடோன் தராசில் ஏறினேன். எண்பத்தொன்று! இருபது நாளில் பத்துக் கிலோ. இறங்கி மறுபடி ஏறினேன். எண்பத்தொன்றுதான்.

அவர்கள் கேட்டது எண்பத்திரண்டு. நான் ஒரு கிலோ கூடுதலாகவே குறைத்துவிட்டேன். மதுரையில் ஆகஸ்ட் முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இன்னும் குறைப்பேன். "என்ன மாமா, மாப்பிள்ளை ஆகப் போறீகளா?" என்று மாரிக்கண்ணன் கேட்டான். ஆமாம் என்றேன்.

நீ வேண்டாம் என்று எழுதியது எனக்குத் தெரியும். அதைப் படித்துவிட்டேன். படித்ததை எல்லாம் கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தரவில்லை.

அப்பா

•

விருதுநகர்,
12.7.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியைக் கேட்டுச் சிரித்துவிட்டு எழுந்து வெளியே போனார். வெகுநேரம் வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லவேண்டாம். எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அளவு. மாத்திரைக்கும் அதில்தான். தண்ணீரைப் பற்றி நினைக்காமல் இருக்க நான் பழகி வைத்திருந்தேன். குழாய்ச் சத்தம் கேட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். நேற்று மிஷினில் படுத்திருந்தபோது, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பதுபோல நினைத்துப் பார்த்தேன். நினைத்தது தப்பு என்று தோன்றவில்லை. பத்துக் கிலோ என்று நீங்கள் எழுதியதால் வந்த நினைப்பு அது.

ஆகஸ்டில் மதுரைக்கு நீங்கள் மட்டும் போகவேண்டாம். நானும் வருகிறேன்.

செல்வி

•

திருத்தங்கல்,
10.8.2025

மகள் செல்விக்கு,

மதுரையில் நீ என்னோடு பேசாமல் பஸ் ஏறியது நியாயம்தான். ஆஸ்பத்திரி எடை மிஷினில் எண்பத்தெட்டு என்று வந்ததும் நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் உன்னிடம் பொய் எழுதவில்லை. எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வந்து மாரிக்கண்ணனிடம் மிஷின் கெட்டுவிட்டது என்றேன். அவன் கட்டை அப்படியே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாமா, நீங்க ஏறுனது எந்தத் தராசு?"

"வாசலில் இருக்கிறது."

"அது வாங்குற தராசு மாமா. முப்பது வருசமா இங்கன கிடக்கீக. வாங்குறதுல கம்மியாக் காட்டும், விக்கிறதுல கூடக் காட்டும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும், செல்வி. பிரஸ்காரன் தலையில் துண்டு போடத்தான் அந்தத் தராசு அப்படி வைத்திருக்கிறார்கள் என்று எல்லாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பேப்பருக்குத்தான் அது குறைக்கும் என்று இருந்துவிட்டேன். எனக்கும் குறைக்கும் என்று தோன்றவே இல்லை. உள்ளே போய் விற்கிற தராசில் ஏறினேன். தொண்ணூற்றாறு காட்டியது. மாரிக்கண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

டீயையும் பரோட்டாவையும் விட்டதற்கு இரண்டு மாதத்தில் மூன்று கிலோ. மீதி எல்லாம் முதலாளியின் தராசு. இனி ஒழுங்காகக் குறைக்கிறேன். சத்தியமாகக் குறைக்கிறேன்.

அப்பா

•

விருதுநகர்,
14.8.2025

அப்பாவுக்கு,

நான் உங்களிடம் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு இருந்தேன். நீங்கள்தான் பத்துக் கிலோ என்று எழுதினீர்கள். நான்தான் தண்ணீரை நினைத்தேன்.

இப்போது தாகம் அடங்கமாட்டேன் என்கிறது. நேற்று அளவுக்கு மேல் குடித்துவிட்டேன். ராத்திரி மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

கொஞ்ச நாளைக்கு எழுதவேண்டாம்.

செல்வலட்சுமி

•

திருத்தங்கல்,
15.9.2025

அன்பு மகள் செல்விக்கு,

எழுதவேண்டாம் என்றாய். ஒரு மாதம் பொறுத்தேன். இன்று எழுதாமல் முடியாது.

உன் கடிதம் வந்த அன்றே சோற்றை நிறுத்தினேன். காலையில் ஒரு டம்ளர் கேப்பைக் கூழ், ராத்திரி மோர். இருக்கன்குடி மாரியம்மனுக்கு விரதம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். ஆவணி பாதி போயும் விரதம் முடியாததால் அவளுக்குச் சந்தேகம் வந்தது. இப்போதெல்லாம் மெடிக்கல் கடை மிஷினில்தான் ஏறுகிறேன். எண்பத்து நாலு வரை மளமளவென்று இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. கூழையும் நிறுத்தினேன். அப்போதும் இறங்கவில்லை. என்ன செய்தாலும் எண்பத்து நாலு.

போன வாரம் குடோனில் கட்டைத் தூக்கும்போது கண் இருட்டி விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. மாரிக்கண்ணன் என்னை மதுரைக்கே கூட்டிப் போய்விட்டான். அங்கே சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்லும் ஸ்ரீமதி என்ற அம்மா என் காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, நீங்க கரைச்சது கொழுப்பை இல்ல, சதையை. ரத்தத்துல சத்தே இல்ல. பட்டினி கிடக்கிற உடம்பு இருக்கிறதை இறுக்கிப் பிடிச்சுக்கும், விடாது. இப்படியே வந்தீங்கன்னா ஒங்க கிட்னியைத் தொடவே மாட்டாங்க. வேளைக்குச் சாப்பிடுங்க. முட்டை, பயறு, கீரை, கொஞ்சம் சோறு. இப்ப சாப்பிடுறதைவிட அதிகமாச் சாப்பிட்டாத்தான் இன்னும் எடை இறங்கும்."

சாப்பிட்டால் இறங்குமாம். கட்டுக்குள் இன்னும் பேப்பரைத் திணி, கட்டு லேசாகும் என்று யாராவது சொன்னால் நான் நம்புவேனா? ஆனாலும் அவர் படித்தவர். வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். உன் அம்மா இரண்டு முட்டையும் சுண்டலும் வைத்தாள். என்னால் தொட முடியவில்லை. உள்ளே போகிற ஒவ்வொரு வாயும் உன்னிடமிருந்து பிடுங்கித் தின்பதுபோல இருக்கிறது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் வேலை பார்த்த காலத்தில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

இந்த இடத்தில் வேறு ஒரு வரி எழுதியிருந்தேன். உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, என்ன எழுதுறீக? வாசிங்க பாப்போம்."

"இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறேன்."

"அழிங்க அதை. நான் சொல்றதை எழுதுங்க. ஏ செல்வி, இந்த மனுசன் தட்டுல வச்சதை எனக்குத் தெரியாம கோழிக்குப் போடுறாரு. கோழி கொழுத்துக் கிடக்கு, இவரு எலும்பாக் கிடக்காரு. நீ ஒரு வார்த்தை சொன்னாத்தான் அடங்குவாரு. எழுதிட்டீகளா?"

எழுதிவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வேறு எதையாவது எழுதிவிட்டு வாசித்துக் காட்டியிருக்கலாம். அறுபது வயதுக்கு மேல் கிடைத்த எழுத்து, அதை வைத்து இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை.

அப்பா

•

விருதுநகர்,
19.9.2025

அப்பாவுக்கு,

எனக்கு வாழைப்பழம் கூடாது. இளநீர் கூடாது. கீரை கூடாது. உருளைக்கிழங்கை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தின்ன வேண்டும், அது சக்கை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதுவும் கூடாது. எல்லாம் தின்னலாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பிய ஒரு ஆள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். அவர் கோழிக்குப் போடுகிறார்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்குக் கையில் ஊசி இல்லாவிட்டால் பஸ் ஏறி வந்திருப்பேன்.

நான் இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன். எனக்கு உங்கள் கிட்னி வேண்டும். பிழைக்க ஆசையாக இருக்கிறது. அதனால் சொல்கிறேன், பட்டினி கிடக்கிறவரின் கிட்னி எனக்கு வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுகிறவரின் கிட்னிதான் வேண்டும்.

பயமாக இருந்தால் பயத்தோடு சாப்பிடுங்கள். பயம் போன பிறகு சாப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். முதல் தடவை மிஷினில் படுக்க வைத்தபோது என் ரத்தம் முழுக்கக் குழாயில் வெளியே போவதைப் பார்த்தேன். பயம் போகட்டும் என்று இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

சாப்பிட்டதை எழுதுங்கள். முருங்கைக்கீரை சாப்பிட்டால் அது எப்படி இருந்தது என்று எழுதுங்கள். எனக்கு மறந்துவிட்டது.

செல்வி

•

திருத்தங்கல்,
13.10.2025

அன்பு மகள் செல்விக்கு,

நீ வேண்டும் என்று எழுதிய வரியை உன் அம்மாவுக்கு நாலைந்து தடவை வாசித்துக் காட்டினேன். போதும் என்று அவள் சொல்லவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

நீ சொன்னபடி பயத்தோடு சாப்பிட்டேன். முதல் நாள் ஒரு முட்டையை உரிக்கவே நேரம் ஆயிற்று. வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தேன், விழுங்க முடியவில்லை. உன் அம்மா எதிரே உட்கார்ந்து தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். விழுங்கினேன். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு மெடிக்கல் கடைக்குப் போய் மிஷினில் ஏறினேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஒரு முட்டைக்கு இம்புட்டு ஓட்டமா?" என்றார். உன் அம்மா அவருக்குப் போனில் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் இரண்டு. அதற்கடுத்து பாசிப்பயறு, இரண்டு தோசை. தூக்கம் வராது. உடம்பு ஊதுவதுபோல இருக்கும், இருட்டில் வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். பத்து நாள் மிஷின் பக்கம் போகக்கூடாது என்று ஸ்ரீமதி அம்மா சொல்லியிருந்தார். பத்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். முக்கால் கிலோ இறங்கியிருந்தது, செல்வி. முன்பைவிட இரண்டு மடங்கு தின்றிருக்கிறேன். இறங்கியிருக்கிறது.

முருங்கைக்கீரை கேட்டாய். துவரம்பருப்போடு சேர்த்து, தேங்காய் அதிகம் போடாமல், உப்பு ஒரு கல் குறைவாக அம்மா வைத்தாள். முதலில் லேசாகக் கசக்கிறது. பிறகு பருப்பு வந்து அதை மூடுகிறது. காம்பு ஒன்று பல்லில் மாட்டியது. அதை நாக்கால் தள்ளிக்கொண்டே குடோன் வரை போனேன். சாத்தூர் வெள்ளரிக்காயும் தின்றேன். அதற்கு ருசி என்று ஒன்றும் இல்லை, பல்லுக்குத்தான் சத்தம். இவ்வளவுதான் எழுதத் தெரிகிறது.

நேற்று முன்தினம் மதுரைக்குப் போய் வந்தேன். எண்பத்திரண்டு. மெடிக்கல் கடையிலும் எண்பத்திரண்டு, மதுரையிலும் எண்பத்திரண்டு. ரத்தத்தில் சத்து வந்துவிட்டது. கிட்னி இரண்டும் நன்றாக வேலை செய்கிறதாம். தீபாவளி கழித்து உன்னைக் கடைசியாக ஒரு தடவை சோதித்துவிட்டு நாள் குறிப்பார்கள். இன்னமும் ஒவ்வொரு வேளைக்கும் பயம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் அப்பா,
ஊர்க்காவலன்

•

விருதுநகர்,
29.10.2025

அப்பாவுக்கு,

சுற்றி வளைத்து எழுதினால் நீங்கள் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை தவிப்பீர்கள். அதனால் நேராக எழுதுகிறேன். ஆபரேஷன் இல்லை.

இதயத்தைப் படம் எடுத்தார்கள். மூன்று வருட மிஷினில் அது பெருத்துப் பலம் இல்லாமல் போய்விட்டதாம். மயக்க மருந்து கொடுத்தால் தாங்காது என்கிறார்கள். இப்போதைக்கா என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய்க் கேட்டார். வெளியே வந்து டீ சாப்பிடலாமா என்றார். எனக்கு டீ அளவு என்ன என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் கேட்டார்.

மிஷின் தொடரும். தொடரும்வரை தொடரும்.

உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. தராசு, பட்டினி எல்லாவற்றையும் தாண்டி நீங்கள் எண்பத்திரண்டில் வந்து நின்றீர்கள். என்னால்தான் வந்து சேர முடியவில்லை.

இனிமேல் எடை பார்க்க வேண்டாம். அம்மா வைப்பதைச் சாப்பிடுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை.

செல்வி

•

திருத்தங்கல்,
5.11.2025

அன்பு மகள் செல்விக்கு,

உன் கடிதம் வந்தபோது உன் அம்மா பக்கத்தில் இருந்தாள். முன்பெல்லாம் இந்த மாதிரிக் காகிதம் வந்தால் வேறு யாராவது படித்துவிட்டு, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்கள். இந்தத் தடவை நானே படித்து நானே சொல்ல வேண்டியிருந்தது. "ஆபரேஷன்" என்று படித்தேன். அடுத்த வார்த்தையை வாய்க்குள்ளேயே படித்தேன்.

"நல்லாப் பாத்து வாசிங்க" என்றாள்.

வாசித்தேன்.

"ஒங்களுக்கு வாசிக்கத் தெரியல. நாலு எழுத்துப் படிச்சிட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரி" என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். எங்கள் வகுப்பு டீச்சர் பிரீத்திகா வீட்டுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து காகிதத்தை என் கையில் கொடுத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

எனக்கு எழுத வேறு சேதி இல்லை. குடோனுக்குப் போகிறேன். தீபாவளி முடிந்து பட்டாசு லேபிள் துண்டுகள் லோடு லோடாக வருகின்றன. எதையும் படிப்பதில்லை, கட்டுகிறேன். மாரிக்கண்ணன், "என்ன மாமா, படிக்கலையா?" என்று ஒரு தடவை கேட்டான். அப்புறம் கேட்கவில்லை.

என் உடம்புக்குள் உனக்கென்று வைத்த ஒன்று சும்மா கிடக்கிறது. நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பினார்களே, அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை நீ மிஷினில் படுக்கும்போது நான் வருகிறேன். விருதுநகருக்கு முதல் பஸ்ஸில் வருவேன். பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலையில் உன் அம்மா ஐந்து இட்லி வைத்தாள். முன்பு இரண்டுக்குமேல் வைத்தால் சண்டை போடுவேன். இன்று வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. ஐந்தையும் சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயம் வரவில்லை, செல்வி. எவ்வளவோ நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவே இல்லை.

அப்பா